மடியில் வைக்கலாமா

தாயில்பட்டி
20.7.2004

மதினி,

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் இதில் பதில் எழுதுகிறேன். "காரியாபட்டியிலருந்து ஒங்க மதினி பேசுறாக" என்று பெத்தணன் அண்ணாச்சி கடையிலிருந்து சத்தம் வந்ததும் கண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரிசீவரைக் காதில் வைத்ததும் உங்கள் குரல் கேட்டது. கடையில் எண்ணெய் வாங்க நின்றவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. "ஏ புள்ள, தலைய ஆட்டினா அங்கன தெரியாது, வாயத் தொறந்து பேசு" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நான் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பேச வராவிட்டாலும் எழுத வரும். எட்டாவதோடு நின்றாலும் அது என்னோடு வந்துவிட்டது.

கண்ணன் நன்றாக இருக்கிறான். முதல் இரண்டு நாள் பாலாடையில் ஊற்றிய பாலைத் துப்பினான். இப்போது குடிக்கிறான். குடித்துவிட்டு என்னை ஏமாற்றியவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். நேற்று குப்புற விழுந்தான். விழுந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்மா அவனைக் காரியாபட்டியில் உங்கள் அம்மா வீட்டிலிருந்து தூக்கி வந்தது உங்களுக்கு வருத்தம் என்று தெரியும். "அம்புட்டு காட்டமான ஊசி ஏறப்போற ஒடம்பு. மூணு மாசப் பச்சப்புள்ளைய மடியில வைக்கக் கூடாது" என்று அம்மா சொன்னபோது அண்ணன் தலையை ஆட்டினார். நீங்களும் ஆட்டினீர்கள். கம்பெனியில் தூள் கலக்கிற அறைக்குள் போய்வந்தவர்கள் குளிக்காமல், சேலை மாற்றாமல் பிள்ளையைத் தொடுவதில்லை. வெடி செய்கிற ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கேட்கிறவர்களிடம், பிரசவ ஆபரேஷன் புண் ஆறவில்லை என்று மட்டும் சொல்கிறோம். மற்றதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறது.

ஊசி என்றைக்கு? வலிக்குமா?

பொன்மணி


காரியாபட்டி
27.7.2004

பொன்மணிக்கு,

நீ பேசவில்லை என்றால் என்ன, உன் மூச்சு கேட்டது. கண்ணன் ஒரு தடவை இருமினான். அதுவும் கேட்டது. அவனுக்கு இருமல் இருந்தால் மறைக்காமல் எழுது.

இங்கே என் கதையைக் கேள். மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு இரண்டு டாக்டர்கள். வயிற்றைப் பார்க்கிற டாக்டரம்மா, "ஏப்ரல்ல சிசேரியன், மே மாசம் சீழ் வெச்சுப் பிரிச்சு மறுபடி தெச்சிருக்கு. புண் ஆறாம அந்த ஊசியப் போட்டா ஆறவே ஆறாது" என்கிறார். மார்பைப் பார்க்கிற டாக்டர், "நீங்க காத்திருப்பீங்க, கட்டி காத்திருக்காது" என்கிறார். இரண்டு பேரும் என்னை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு மருமகளுக்கு இரண்டு மாமியார் வாய்த்த மாதிரி இருக்கிறது. கடைசியில் இன்னும் பத்து நாள் என்று பேசி முடித்தார்கள்.

மாமியார் என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு உங்கம்மா மேல் கோபம் இருக்கிறது. "இது பால்கட்டுதான், மல்லியப்பூ வெச்சுக் கட்டுனா வத்திரும்" என்றார். சாயங்காலம் சாயங்காலம் நீ பூத் தொடுத்துக் கொடுத்தாய், அவர் என் நெஞ்சில் வைத்துக் கட்டினார். ஒரு மாதம் வீடெல்லாம் பூ வாசம். உள்ளே அது பாட்டுக்கு வளர்ந்தது. வயிற்றுக் கட்டை மாற்ற வந்த நர்ஸ் கை வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் பூ வைத்துக்கொண்டுதான் இருப்போம். உன்னைச் சொல்லவில்லை. உனக்கு என்ன தெரியும். எனக்கே தெரியவில்லையே.

பால் வற்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நேற்று மதுரை பஸ்ஸில் யார் பிள்ளையோ அழுதது. என் ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் என்ன செய்கிறான் என்று எழுது. நல்லா இருக்கிறான் என்று மொட்டையாக எழுதாதே.

செல்வி


தாயில்பட்டி
10.8.2004

மதினி,

உங்களுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது என்று அண்ணன் வந்து சொன்னார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இருக்கா" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாங்க முடியவில்லை.

போன கடிதத்தை அம்மா படித்துக் காட்டச் சொன்னது. பூவைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். "ஏன் மூச்ச முழுங்குத? விட்டதையும் படி" என்றது. படித்தேன். அம்மா எழுந்து போய் அரிசி களைந்தது. களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தது. மறுநாள் பூக்காரம்மா வந்தபோது, "இனிமே இந்த வாசலுக்கு வராதத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

நான் கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே காகிதக் குழாய் உருட்டுகிறேன். வெறும் காகிதம்தான், தூள் கிடையாது. கண்ணனைப் பாயில் போட்டுவிட்டு உருட்டினால் அவன் காகிதத்தின் நுனியைப் பிடித்துக்கொள்கிறான். நான் இழுத்தால் சிரிக்கிறான். விட்டுவிட்டால் அழுகிறான். நேற்று முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான். பெத்தணன் அண்ணாச்சி தும்மியதற்கு.

காகிதம் இறக்க வருகிற கம்பெனி வேனில் உங்களைக் கேட்காத ஆள் இல்லை. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் சரவெடி பின்னத் தெரியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தது ஞாபகம் வருகிறது. நான்தான் காட்டிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் என்னை முந்திவிட்டீர்கள். போர்மேன் சங்கிலிமுத்து, "பேச்சக் கொறச்சுக் கையப் பாருங்கத்தா" என்றபோது, "நாக்குக்கும் கைக்கும் தனித்தனியா ஆள் வெச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றீர்கள். அன்றைக்கு அந்த ஷெட்டே சிரித்தது. என்னிடம் யாராவது ஏதாவது கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்கள். அது எனக்கு எவ்வளவு பெரிய நிழல் என்று இப்போது தெரிகிறது.

உங்களுக்கு முடிந்தால் மட்டும் எழுதுங்கள்.

பொன்மணி


காரியாபட்டி
24.8.2004

பொன்மணிக்கு,

ஊசி என்று நினைத்தால் ஒரு குத்து, முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாட்டிலில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் ஏற்றுகிறார்கள். அதில் ஒன்று திருவிழாவில் விற்கிற சர்பத் மாதிரி சிவப்பு. பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா, "அதப் பாக்காத, சுவரப் பாரு" என்றார். நான் பார்த்தேன். என்ன நிறத்தில் உள்ளே போகிறது என்றாவது தெரிய வேண்டாமா.

ஐந்து நாள் வாந்தி. வாந்தி எடுக்கும்போது வயிற்றுத் தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியும் ஒரு ஓரம் விட்டுவிட்டது. அங்கிருந்து நீர் கசிகிறது. எங்கம்மா குருவம்மாளை உனக்குத் தெரியுமே, அழுதுகொண்டே திட்டும், திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றும்.

முடி கொட்டத் தொடங்கிவிட்டது. தலையணையில், சோற்றில், வாசற்படியில், எல்லா இடத்திலும் நான்தான். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால் இருக்கன்குடியில் முடி இறக்குகிறேன் என்று ஆத்தாளுக்கு நேர்ந்திருந்தேன். அவள் பொறுமை இல்லாதவள். நான் போவதற்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறாள். கொட்டியதை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்தேன். மிச்சத்தை எங்கம்மா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது. பையை உங்கண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்கம்மாவைக் கொண்டுபோய்ச் செலுத்தச் சொல். கோபம் இருக்கிறது, ஆனாலும் இதற்கு வேறு ஆள் எனக்கு இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். என் தலை இவ்வளவு உருண்டை என்று இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

செல்வி


தாயில்பட்டி
6.9.2004

மதினி,

இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாத்தூர் போய் அங்கிருந்து இருக்கன்குடிக்குப் போனோம். கண்ணன் என் இடுப்பில், மஞ்சள் பை அம்மா மடியில். மொட்டை போடுகிற கொட்டகையில் ஒருவர் முன்னால் அம்மா பையைப் பிரித்து வைத்தது. அவர் பார்த்தார்.

"முடி இருக்கு, தலை எங்க தாயி?"

"தலை மதுரை ஆசுபத்திரியில இருக்குய்யா."

"அப்ப அந்தத் தலை வாரப்ப வாங்க. உதுந்த முடிய ஆத்தாளுக்குச் செலுத்துற வழக்கமில்ல. கத்தி படணும்."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தது. "இந்தத் தலையில கத்தி வையி. அவளுக்குப் பதிலு."

அவர் தயங்கினார். "வீட்டுல ஆம்பளைககிட்டச் சொல்லிட்டு வந்தீகளா?"

"சொல்லுறதுக்கு அந்த மனுசன் போயி ஏழு வருசமாச்சு. நீ வையி."

கண்ணனின் முகத்தை என் தோளில் திருப்பி வைத்துக்கொண்டேன். அம்மாவின் முடியில் பாதிக்கு மேல் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. எழுந்தபோது அம்மா சின்னதாகிவிட்டதுபோல் தெரிந்தது. "பூ வெச்ச பாவத்துக்கு என் தலையிலதான் கத்தி படணும்" என்று என்னிடம் சொல்லவில்லை, சன்னதியைப் பார்த்துச் சொன்னது. உங்கள் முடியை ஆற்றில் விட்டோம். தண்ணீர் கொஞ்சம்தான் ஓடியது. ஆனாலும் கொண்டுபோயிற்று.

கண்ணன் அன்றைக்கு அம்மாவைப் பார்த்து வீறிட்டு அழுதான். இரண்டு நாள் பக்கத்தில் போகவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே கையை நீட்டித் தலையைத் தொட்டுப் பார்த்தான். இப்போது முள் முள்ளாக முடி முளைக்கிறது. அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குகிறான்.

அம்மாவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

பொன்மணி


காரியாபட்டி
18.9.2004

பொன்மணிக்கு,

உங்கம்மா மொட்டைத் தலையோடு நிற்பதை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு முடியவில்லை. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

இதை நீ மட்டும் படி. உங்கண்ணனிடமும் சொல்லாதே.

போன வாரம் இரண்டாவது ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். வயிற்றில் விட்டிருந்த ஓரம் இன்னும் விலகிவிட்டது. தினமும் அதற்குள் துணியைத் திணித்துக் கட்டுகிறார்கள். இன்னும் நான்கு ஊசி இருக்கிறது. அதற்குப் பிறகு மார்பை எடுத்துவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு கரண்டு வைக்க வேண்டுமாம், கதிர் பாய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிறகு, பிறகு என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் முடிவு செய்துவிட்டேன்.

போதும் பொன்மணி. ஒரே வருடத்தில் இரண்டு தடவை என்னை வெட்டித் தைத்துவிட்டார்கள். முதல் புண்ணே ஆறவில்லை. அதன் மேல் இன்னொன்றை எங்கே வைப்பது. இதெல்லாம் முடியும்போது நான் இருப்பேனா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இருக்கிற நாளைக் கண்ணன் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறேன். ஊசியை நிறுத்தினால் உடம்பில் இருக்கிறது வடிந்துவிடும், அப்புறம் அவனைத் தொடலாம் அல்லவா. இப்படியே போனால் அவனுக்கு என்னைத் தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே தெரியாது.

தீபாவளிக்கு முன்னால் வருகிறேன். தொட்டில் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பாய் போட்டு வை.

செல்வி


தாயில்பட்டி
22.9.2004

மதினி,

வராதீர்கள்.

நான் உங்களிடம் இப்படிப் பேசியதில்லை. யாரிடமும் பேசியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீங்கள் ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

சரத்தைப் பாதியில் நிறுத்திக் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பின்னின வரைக்கும் நிற்பதில்லை, முதலிலிருந்து எல்லாமே அவிழ்ந்துவிடும். இரண்டு ஊசி வாங்கிய கஷ்டம் அப்படிப் போய்விடக் கூடாது.

கண்ணன் இப்போது என் முகத்தைத் தேடுகிறான். நான் தண்ணீர் எடுக்கப் போனால் அழுகிறான். ஊரில் எல்லாரும், "நீதான் அவனுக்கு அம்மா" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அத்தை. அவனுக்கு அத்தையாக மட்டும் இருக்கத்தான் எனக்கு ஆசை. அந்த இன்னொரு இடத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எனக்கு வேண்டாம்.

பொன்மணி


காரியாபட்டி
27.9.2004

பொன்மணி,

பதினாறு வயசு. போனை எடுத்தால் வாய் திறக்காது. காகிதத்தைக் கண்டால் மட்டும் கதவைச் சாத்துவேன் என்று வருகிறது.

அது என் புருஷன் வீடு. என் பிள்ளை. வயிற்றுக்குள் துணி திணிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது நான். சரத்தையும் என்னையும் ஒன்றாக்கி எழுதுகிறாய். அவிழ்ந்தால் மறுபடி பின்ன எனக்கு இன்னொரு உடம்பு இருக்கிறதா?

இனிமேல் எழுதாதே.

பாண்டிச்செல்வி


காரியாபட்டி
12.10.2004

பொன்மணிக்கு,

எழுதாதே என்றேன். எழுதவில்லை. வந்துவிட்டாய்.

நீ போன பிறகு எங்கம்மா அன்றைக்கு நடந்ததைத் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல வாய் வராமல் காரியாபட்டியைத் தாண்டி மதுரைக்கே போய், அங்கிருந்து திரும்பி வந்தாயாமே. கைப்பிள்ளையோடு, மத்தியானச் சோறு இல்லாமல். வாசலில் வந்து நின்றபோதும் பேசவில்லை. நான் உள்ளே இருந்து, "யாரு?" என்று மூன்று தடவை கேட்டேன். எங்கம்மா எட்டிப் பார்த்து, "ஒன் நாத்தனா வந்துருக்கா, ஊமைச் சாமி மாதிரி நிக்கா" என்றது.

அன்றைக்கும் நான் கண்ணனைத் தொடவில்லை. சுவரோரம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். நீ அவனைப் பாயில் போட்டாய். அவன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். ராத்திரி முழுக்க அந்தப் பார்வைதான். நான் வந்துவிடுகிறேன் என்று எழுதியது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனது ஊசிக்காக இல்லை. கட்டை மாற்றிக்கொண்டு, இனிமேல் வரமாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிடத்தான் போனேன். நீயும் பிள்ளையோடு வருகிறேன் என்று தலையாட்டினாய். சரி, கடைசி என்று விட்டேன். உள்ளே டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு வழக்கம்போல, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சேர்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கதவோரத்திலிருந்து ஒரு சத்தம். கொசு பாடின மாதிரி.

"என்னம்மா?" என்றார்.

"மடியில வைக்கலாமா?"

"சத்தமாச் சொல்லு."

நீ சத்தமாகச் சொன்னாய் பொன்மணி. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "இவுக பிள்ளைய இவுக மடியில வைக்கலாமா? ஊசி போட்ட ஒடம்புன்னு யாரும் வைக்க விடல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வைக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தர்கூட அப்படிச் சொல்லவில்லை. நாமாகவே வெடிக் கம்பெனிச் சட்டத்தைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டோம். "பால் கொடுக்கக் கூடாது. ஊசி போட்ட ரெண்டு மூணு நாளைக்குச் சுத்தமா இருந்துக்கங்க. வயித்துல புண் இருக்கு, நீங்களா தூக்கக் கூடாது. பிள்ளைக்குச் சளி, காய்ச்சல்னா தள்ளி வைங்க. மத்தபடி மடியில வைக்கிறதுக்கு என்ன?" என்றார்.

அதைக் கேட்க நமக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. உங்கண்ணன் கேட்கவில்லை, எங்கம்மா கேட்கவில்லை. வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய நான் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பேசத் தெரியாதவள் வந்து கேட்டாள்.

வராந்தா பெஞ்சில் நீ அவனை என் மடியில் வைத்தாய். என்ன கனம் கனக்கிறான். நான் விட்டுவந்த பிள்ளை இவ்வளவு இல்லை. தலைத்துணி சரிந்து விழுந்தது. அழப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அழவில்லை. உள்ளங்கையை என் தலையில் வைத்தான். மொட்டைத் தலை அவனுக்குப் பழகிப்போனது, அவன் தினமும் பார்க்கிறது. ஆனால் உங்கம்மா தலையில் இருக்கிற முள் என் தலையில் இல்லை. அதனால் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான். முழுதும் தடவி முடித்துவிட்டு என் மூக்கைப் பிடித்தான்.

உன்னை அவனோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மறுபடி உள்ளே போனது ஞாபகம் இருக்கிறதா? எதற்கு என்று நீ கேட்கவில்லை. அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்கத்தான் போனேன்.

மூன்றாவது ஊசி வருகிற வெள்ளிக்கிழமை. கண்ணனைத் தூக்கி என் மடியில் வைக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். உங்கம்மாவிடம் கேட்டுவிட்டு அவனோடு இங்கே வந்து இரு. கேட்கும்போது, உங்கள் மொட்டைதான் அவனை என்னிடம் சேர்த்தது என்று நான் சொன்னதாகச் சொல். அப்படியே சொல், வார்த்தையை முழுங்காதே.

செல்வி


காரியாபட்டி
17.1.2005

மதினி,

மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்ததால் எழுதவில்லை. இப்போது நீங்கள் மதுரையில் கட்டிலிலும் நான் இங்கேயும் இருக்கிறோம். நாளை மறுநாள் ஆபரேஷன் என்று அண்ணன் சொன்னார். சொல்ல நினைத்ததை நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இது. அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

கடைசி நான்கு ஊசியையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஊசி போட்டு வந்த இரண்டாம் நாள் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவீர்கள். நான் கை கொடுக்க வந்தால், "பிள்ளையப் பிடி, சுவரு எங்கயும் ஓடாது" என்பீர்கள். ஒரு கையால் வயிற்றை அணைத்துக்கொண்டு குனிந்தே பஸ் ஏறுவீர்கள். கண்டக்டர், "என்னக்கா, எதையாச்சும் தேடுறீகளா?" என்று கேட்டதற்கு, "ஆமா தம்பி, நிமுந்து நடந்த காலத்த" என்றீர்கள். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உங்கள் நெற்றியில் வேர்வை ஊற்றியது எனக்குத் தெரிந்தது.

நவம்பரில் வயிற்றுப் புண் மூடிவிட்டது என்று நர்ஸ் சொன்ன நாளில் நீங்கள் அழுதீர்கள். அதுவரை ஒரு தடவைகூட என் முன்னால் அழவில்லை. மூடினதற்கு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். பிறகு புரிந்தது. இனி அடுத்ததற்கு உடம்பில் இடம் கிடைத்துவிட்டது. நிறுத்துவதற்கு உங்களிடம் இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. அப்படி இருந்தும் அடுத்த ஊசிக்கு முதல் ஆளாய் எழுந்து குளித்துவிட்டு நின்றீர்கள்.

தைரியசாலிக்குப் பயமே இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பயம் உண்டு. தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். காலையில் அது உங்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பயந்துகொண்டே போகிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. அவர்கள் பின்னால் நானும் போகலாம் என்று தோன்றுகிறது.

அம்மா நேற்று தாயில்பட்டியிலிருந்து வந்துவிட்டது. நாளை ஆஸ்பத்திரிக்கு வரும். உள்ளே வரத் தயங்கும். நீங்கள்தான் கூப்பிட வேண்டும்.

கண்ணன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சுவரைத்தான்.

பொன்மணி


மதுரை
27.1.2005

பொன்மணிக்கு,

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். எடுத்தது இடது பக்கம், எழுதுவது வலது கை, ஆனால் ஒன்றை அசைத்தால் இன்னொன்று இழுக்கிறது.

உங்கம்மா மூன்று நாள் வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. நர்ஸ் விரட்டினால் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டு மறுபடி வருவார். நான்காம் நாள் நான், "அத்தே, நடக்க முடியாதவளுக்கு வாசலு ரொம்பத் தூரம். நீங்க வாங்க" என்று சத்தம் போட்டேன். வந்தார். அவர் தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. எனக்கும் பூனை மயிராக வருகிறது. "யாருக்கு மொதல்ல ஜடை பின்ன வருதுன்னு பாப்போம்" என்றேன். "ஒனக்குத்தான் தாயி, நீ சின்ன வயசு" என்று சொல்லிவிட்டு என் காலைப் பிடித்து அமுக்கத் தொடங்கினார். விடச் சொன்னேன், விடவில்லை. பிறகு நானும் சொல்லவில்லை.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். பார்க்காதே என்றார் பக்கத்துக் கட்டில் அக்கா. பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை பொன்மணி. ஓரமாக ஒரு நீளத் தையல், மற்றபடி ஆண்பிள்ளை நெஞ்சு. கொஞ்ச நேரம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கிடந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று கேட்காதே.

கட்டி ஊசியிலேயே பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது, எடுத்ததைச் சுற்றிச் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இன்னும் கரண்டு வைக்க வேண்டும். வைப்பார்கள். வருவேன். கையைச் சுவரில் விரல் விரலாக மேலே ஏற்றிப் பழகச் சொல்கிறார்கள். இப்போதைக்குத் தோள் வரை போகிறது.

தூக்கத்தில் உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே. ஞாபகம் இல்லை என்று யார் சொன்னது உனக்கு?

வருகிற வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் ஆறும்வரை கண்ணனை என் வலது பக்கம் போடு. ஆறிய பிறகு இடது பக்கம் படுக்க வைத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் இப்போது அவனுக்கு நிறைய இடம் இருக்கிறது.

செல்வி